மூளைச்சாவு என்பது கண்டுபிடிப்பா, முடிவா?

கேள்வி இது: "அறிவியல் உள்ளதை உள்ளபடி சொல்லும். நல்லது கெட்டது பேசுவது அதன் வேலை இல்லை. அறிவியல் தன் வேலையை முடித்த பிறகு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிக்கும்போதுதான் அறமும் விழுமியங்களும் வரவேண்டும். இது சரிதானே? பயோஎதிக்ஸ் (மருத்துவ, உயிரியல் அறவியல்) என்று தனியாக ஒரு துறை எதற்கு?"

பாதி சரி. அந்தப் பாதியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். மற்ற பாதிதான் சிக்கல்.

இந்த விவாதத்தில் வழக்கமாக அணுகுண்டை இழுப்பார்கள். இயற்பியல் கண்டுபிடித்தது, அரசியல்வாதிகள் போட்டார்கள் என்று. அந்த உதாரணத்தில் உங்கள் பிரிவினை அழகாகப் பொருந்திவிடும், அதனாலேயே அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு மனிதர் இறந்துவிட்டாரா இல்லையா என்ற கேள்வி. இதைவிடச் சுத்தமான 'உண்மைக் கேள்வி' உண்டா? ஆள் இருக்கிறார் அல்லது இல்லை. இதில் யாருடைய விழுமியம் நுழைய முடியும்?

1950-க்கு முன்னால் உண்மையில் நுழையவில்லை, நுழைய இடமும் இல்லை. இதயம் நின்றால் சில நிமிடங்களில் மூச்சு நிற்கும், மூளை அழியும். மூச்சு நின்றாலும் அப்படித்தான். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடுவதால், எது போனால் மரணம் என்று யாரும் பிரித்துக் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி நோயாளிகள் மூச்சுத் தசைகள் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, மருத்துவ மாணவர்களை ஷிஃப்ட் போட்டு உட்காரவைத்து, பையை அழுக்கி அழுக்கிக் காற்று கொடுக்கவைத்தார். இன்றைய ஐ.சி.யூ.வின் தொடக்கம் அதுதான். கை போய் இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்ததும், மூளை முழுக்கப் போன பிறகும் நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், தொட்டால் உடம்பு சூடாக இருக்கும் என்ற ஒரு புதிய நிலை உலகத்தில் தோன்றியது. இயற்கையில் அதற்குமுன் அப்படி ஒரு நிலை இருந்ததில்லை. சிகிச்சைதான் அதை உண்டாக்கியது.

1959-ல் பாரிஸில் மொலாரே, கூலோன் என்ற இருவர் இந்த நிலையில் இருந்த 23 நோயாளிகளை விவரித்து எழுதினார்கள். கோமாவையும் தாண்டிப்போன நிலை என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அறிகுறிகள் எல்லாம் கிட்டத்தட்ட இன்று நாம் பட்டியலிடுபவைதான். ஆனால் அவர்கள் அதை மரணம் என்று சொல்லவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1968 ஆகஸ்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தற்காலிகக் குழு ஒன்று கிட்டத்தட்ட அதே நிலையை, அதாவது இன்று மூளைச்சாவு என்று நாம் சொல்வதை, மரணத்தின் புதிய அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதியது. இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் மூளையைப் பற்றிப் புதிதாக என்ன கண்டுபிடித்துவிட்டார்கள்? ஒன்றிரண்டு விவரம் கூடியிருக்கும், அவ்வளவுதான். வெளியே நடந்ததுதான் பெரிது. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி 18 நாள் இருந்தார். அடுத்த ஆண்டு ஊருக்கு ஊர் இதய மாற்று. துடிக்கும் இதயத்தை எடுத்தால் அது கொலையா என்ற கேள்வி ஒவ்வோர் அறுவைக் கூடத்தின் வாசலிலும் வந்து நின்றது.

ஹார்வர்டு குழு தன் காரணங்களை ஒளிக்கவில்லை. அறிக்கையின் முதல் பத்தியிலேயே இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று, மீளவே மாட்டாத நோயாளிகளை வைத்திருப்பது குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் படுக்கைக்காகக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் சுமை. இரண்டு, பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு உறுப்பு எடுத்தால் சர்ச்சை வரும். இரண்டுமே நரம்பியல் கிடையாது. யாருக்கு எது நல்லது, எது நியாயம் என்ற கணக்கு.

குழுவின் தலைவர் ஹென்றி பீச்சர் வில்லன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை உறுப்பு வியாபாரச் சதி மாதிரி பரப்புகிறவர்கள் உண்டு. மயக்கவியல் பேராசிரியரான அவர்தான் 1966-ல், நோயாளிகளின் சம்மதமில்லாமல் அவர்கள்மேல் நடந்த 22 ஆராய்ச்சிகளை அம்பலப்படுத்தி எழுதினார். அமெரிக்காவில் ஆராய்ச்சி அறத்தைப் பேசவைத்தவர்களில் முதல் வரிசை ஆள். ஆனால் அவருடைய குழுவில் சிறுநீரக மாற்று அறுவையின் முன்னோடி ஜோசப் மரேவும் இருந்தார். முன்வரைவு ஒன்றில் உறுப்புத் தேவை இன்னும் பச்சையாக எழுதப்பட்டிருந்தது. உறுப்பு கிடைக்கவேண்டும் என்பதற்காக மரணத்தை மாற்றி எழுதுகிறோம் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும் என மருத்துவக் கல்லூரியின் டீன் சொன்னதும், வாசகத்தை மென்மையாக்கினார்கள். காரணம் போய்விடவில்லை, குரல் தாழ்ந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. விழுமியம் உள்ளே வந்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டதால்தான் அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டை வந்தது.

சரி, விழுமியம் உள்ளே நுழைகிறது என்றால் எங்கே நுழைகிறது? எல்லா இடத்திலும் என்று சொன்னால் சோம்பேறித்தனம்.

முதலில் கருத்தில் நுழைகிறது. மரணம் என்றால் எதன் இழப்பு? உடம்பு ஒரே உயிரியாக ஒருங்கிணைந்து இயங்கும் திறனின் இழப்பா? உணர்வும் நினைவும் சேர்ந்த ஓர் ஆளின் இழப்பா? ராபர்ட் வீச் என்ற அறவியலாளர் 1970-களிலிருந்தே இரண்டாவதுதான் சரி என்றார். அவர் சொல்வதை ஏற்றால், தானாக மூச்சுவிட்டு, கண் திறந்து மூடி, ஆனால் எந்த உணர்வும் திரும்ப வாய்ப்பில்லாமல் கிடப்பவரும் இறந்தவரே. நம் நாட்டில் மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக் அந்த மாதிரி நிலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல என்று தெளிவாகச் சொன்னது. தானாக மூச்சுவிடுகிற ஒருவரைத் தகனம் செய்ய நாம் யாரும் தயாராக இல்லை. அந்தத் தயக்கத்தை எந்த ஸ்கேனும் நமக்குத் தரவில்லை. மனித உடலை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதிலிருந்து வருவது அது.

அடுத்து அளவுகோல். மூளை என்றால் முழு மூளையா, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் மூளைத்தண்டு மட்டுமா? அமெரிக்காவின் 1981-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம், மூளைத்தண்டு உட்பட முழு மூளையின் எல்லா செயல்பாடுகளும் மீளாமல் நின்றிருக்க வேண்டும் என்கிறது. பிரிட்டன் 1976-லும் 1979-லும் மூளைத்தண்டு போதும் என்று முடிவு செய்தது. விழிப்புக்கான சுவிட்சும் மூச்சுக்கான கட்டளையும் அங்கேதான் இருக்கின்றன, அது போனால் இரண்டும் திரும்பாது என்பது அவர்கள் வாதம். நம்முடைய 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் பிரிட்டன் வழியில் மூளைத்தண்டை எடுத்துக்கொண்டது. மூளைத்தண்டில் மட்டும் பெரிய ரத்தக்கசிவு, மேல்மூளையில் இன்னும் கொஞ்சம் மின் அசைவு என்று ஒருவர் இருந்தால், சென்னையில் அவர் சட்டப்படி இறந்தவராகலாம், நியூயார்க்கில் ஆகாமல் போகலாம். ஒரே உடம்பு, ஒரே ஸ்கேன்.

மூன்றாவது இடம் பரிசோதனை. சந்தேகப்படுபவர்களைத்தான் இங்கே கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் 'இது முழுக்க டாக்டர் வேலை' என்று நாம் நினைக்கும் இடம் இது.

மூளைச்சாவுப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் வேறு காரணங்களைத் தள்ள வேண்டும்: மயக்க மருந்து உடம்பில் இருக்கிறதா, உடல் வெப்பம் குறைந்திருக்கிறதா, சர்க்கரை, சோடியம், ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா. பிறகு டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பஞ்சால் விழியைத் தொடுகிறார்கள். காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுக் கண் நகர்கிறதா என்று கவனிக்கிறார்கள். குழாய் வழியாகத் தொண்டைக்குள் சீண்டி இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் கடைசியாக மூச்சு; இதைத்தான் ஆப்னியா டெஸ்ட் என்கிறார்கள். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து வைத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவை எடுத்துவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். மெல்லிய குழாய் ஒன்று மூச்சுக்குழலுக்குள் ஆக்சிஜனை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் மூடியிருக்கும் துணி விலக்கப்பட்டிருக்கும். எட்டு முதல் பத்து நிமிடம், அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டு எப்படியாவது ஒரு மூச்சை இழுத்தே தீரும். அளவு 60 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டும், அல்லது தொடங்கிய இடத்திலிருந்து 20 கூடியும், ஒரு சின்ன அசைவுகூட இல்லை என்றால் மூச்சுக் கட்டளை போய்விட்டது என்று பொருள்.

ஏன் 60? ஏன் 50 இல்லை, 80 இல்லை? மூச்சைத் தூண்ட எவ்வளவு தேவை என்பதற்குச் சான்று இருக்கிறது, அது ஒரு வரம்பைத் தருகிறது. அந்த வரம்புக்குள் எந்த எண்ணில் நிறுத்துவது என்பது, தவறாகச் சொல்லிவிடுவதற்கு எவ்வளவு பயப்படுகிறோம், இன்னும் ஏற்றினால் இதயத்துக்கு வரும் ஆபத்துக்கு எவ்வளவு பயப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. காத்திருக்கும் நேரமும் அப்படியே. ஹார்வர்டு குழு 24 மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னது. இந்தியாவில் இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் 6 மணி நேரம். அமெரிக்க நரம்பியல் கழகம் 2010-ல் பெரியவர்களுக்கு ஒரு முழுமையான பரிசோதனையே போதும் என்றது. இடையில் சான்று வளர்ந்தது உண்மை. விதிப்படி சரியாகப் பரிசோதித்து மூளைச்சாவு என்று சொன்ன பெரியவர் எவரும் மூளைச் செயல்பாடு திரும்பப் பெற்றதாகப் பதிவே இல்லை என்று அந்தக் கழகம் தேடிப் பார்த்துத்தான் சொன்னது. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் உறுப்புகளைக் கெடுக்கிறது என்பதும், குடும்பத்தைச் சித்திரவதை செய்கிறது என்பதும் அதே தராசின் மறுதட்டில் இருக்கின்றன.

அறிவியல் தத்துவத்தில் இதற்கு ஒரு பழைய வாதம் இருக்கிறது. 1953-ல் ரிச்சர்ட் ரட்னர் என்பவர் எழுதிய சின்னக் கட்டுரை. எந்தச் சான்றும் ஒரு கருதுகோளை நூறு சதவீதம் நிரூபிக்காது. ஆக, இவ்வளவு சான்று போதும் என்று எங்காவது நிறுத்தவேண்டும். எங்கே நிறுத்துவது என்பது, தப்பானால் எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பொறுத்தது. ஒரு மருந்தில் விஷம் கொல்லும் அளவுக்கு இல்லை என்று சொல்ல நமக்கு வேண்டிய உறுதி வேறு, ஒரு லோடு பெல்ட் பக்கிள்களில் குறையில்லை என்று சொல்ல வேண்டிய உறுதி வேறு. ஆகவே விஞ்ஞானி விஞ்ஞானியாக இருக்கும்போதே மதிப்பீடு செய்கிறார் என்பது அவர் முடிவு.

இதற்கு 1956-ல் ரிச்சர்ட் ஜெஃப்ரி நல்ல பதில் ஒன்று சொன்னார். விஞ்ஞானி எதையும் ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். இத்தனை சதவீத நிகழ்தகவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும், முடிவை வேறு யாராவது எடுக்கட்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் பிரிவினை கிட்டத்தட்ட இதுதான். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் இது நடக்காது. வெளியே மனைவியும் மகனும் நிற்கிறார்கள். "அம்மா, உங்க வீட்டுக்காரர் 99.9 சதவீதம் இறந்துட்டார்" என்று சொல்ல முடியுமா? சான்றிதழில் தேதியும் நேரமும் எழுதவேண்டும். காப்பீடு, வாரிசு, தகனம் எல்லாம் அந்த நேரத்தில் தொங்குகின்றன. அந்த நேரம்கூட வரையறையில்தான் வருகிறது: ஆப்னியா சோதனையில் கார்பன் டை ஆக்சைடு இலக்கைத் தொட்ட நேரமே இறந்த நேரம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். ஒரு கண்பாவை 'சுருங்கவில்லை' என்று எழுதுவதுகூட, இந்த வெளிச்சத்துக்கு இந்த அளவு அசைவைக் கணக்கில் எடுக்கமாட்டேன் என்ற சின்ன முடிவைத் தாண்டித்தான் எழுதப்படுகிறது. நிகழ்தகவு மட்டும் சொல்லிவிட்டு விலகும் இடம் அங்கே கிடையாது.

இந்தத் தராசு எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் நல்ல உதாரணம். மூளைச்சாவு இல்லாமல், சிகிச்சையை நிறுத்தி இதயம் நின்றபின் உறுப்பு எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. இதயம் நின்று எத்தனை நேரம் காத்திருப்பது? பொதுவாக 2 முதல் 5 நிமிடம். டென்வரில் ஒரு குழு பச்சிளம் குழந்தைகளின் இதயங்களை மாற்றியபோது முதல் முறை 3 நிமிடம் காத்தது, பிறகு இருமுறை 75 வினாடி. 2008-ல் அது வெளியானபோது பெரிய சர்ச்சை. நின்ற இதயம் தானாகத் திரும்பத் தொடங்கும் வாய்ப்பு ஒரு நிமிடத்துக்குமேல் மிகமிகக் குறைவு என்பதுதான் அவர்கள் ஆதாரம். எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: இன்னொரு குழந்தையின் நெஞ்சில் அதே இதயம் துடிக்கிறதே, அப்புறம் அது 'மீளாமல்' நின்றது என்று எப்படிச் சொல்வீர்கள்? ராபர்ட் ட்ரூக், ஃப்ராங்க்ளின் மில்லர் போன்றவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இறந்தவரிடமிருந்துதான் உறுப்பு எடுக்கலாம் என்ற விதியைக் காப்பாற்ற மரணத்தின் எல்லையை இழுத்துக்கொண்டே போகிறோம், அதைவிட மரணத் தறுவாயில் இருப்பவரின் முறையான சம்மதம் போதும் என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம் என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சம்மதம் என்பதை எப்படியும் வாங்கிவிடும் நாடுகளில் அந்த விதிதான் ஏழைகளுக்கு இருக்கும் கடைசி வேலி. ஆனால் அவர்கள் சொல்லும் முரண் உண்மையானது.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். 1968 ஆகஸ்டில் சப்போரோவில் வாடா ஜூரோ என்ற அறுவை மருத்துவர், கடலில் மூழ்கிய ஓர் இளைஞரின் இதயத்தை எடுத்து இன்னோர் இளைஞருக்கு வைத்தார். பெற்றவர் 83 நாள் வாழ்ந்தார். கொடுத்தவர் உண்மையிலேயே மூளைச்சாவு அடைந்திருந்தாரா, பெற்றவருக்கு மாற்று இதயம் தேவைதானா என்ற கேள்விகள் கிளம்பி, கொலைப் புகார் வரை போனது. வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கே நம்பிக்கை போய்விட்டது. 1997-ல் வந்த சட்டம் ஒரு விசித்திரமான சமரசம்: உறுப்பு தானத்துக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்து, குடும்பமும் எதிர்க்காவிட்டால் மட்டும் மூளைச்சாவு மரணமாகக் கொள்ளப்படும். அதாவது பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே முடிவு வந்த இரண்டு பேரில், கையெழுத்துப் போட்ட அட்டை வைத்திருந்தவர் பிணம், வைத்திருக்காதவர் நோயாளி. சட்டத்தின்படி முதல் அறுவை 1999 பிப்ரவரியில்தான் நடந்தது. 2009-ல் திருத்தி, அடுத்த ஆண்டு முதல் குடும்பச் சம்மதம் போதும் என்றார்கள். ஜப்பானிய நரம்பியல் மருத்துவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அளவுகோல் அவர்களிடமும் கறாரானதுதான்.

அமெரிக்காவிலேயே நியூஜெர்சி 1991 முதல், மத நம்பிக்கைக்கு விரோதமானால் மூளையின் அடிப்படையில் ஒருவரை இறந்தவராக அறிவிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் தொண்டை அறுவைக்குப் பின் ரத்தக்கசிவால் மூளைச்சாவு என்று அறிவிக்கப்பட்ட 13 வயதுச் சிறுமியைக் குடும்பம் நியூஜெர்சிக்குக் கொண்டுபோனது. 2018 ஜூன் வரை அங்கே அவள் உடல் வென்டிலேட்டரில் இருந்தது, வளர்ந்தது, பருவமும் எய்தியது. அவளுக்கு இரண்டு மரணச் சான்றிதழ்கள், நான்கரை ஆண்டு இடைவெளியில்.

இதைக் கேட்டதும் ஒரு பக்கம், "பாருங்கள், எல்லாம் கட்டுக்கதை, டாக்டர்கள் இஷ்டத்துக்கு அறிவிக்கிறார்கள்" என்று கிளம்புவார்கள். இங்கேதான் நான் உங்கள் பாதியைக் காப்பாற்ற வருகிறேன். விழுமியம் உள்ளே வரலாம், ஆனால் எந்த வேலைக்கு வரலாம் என்பதில் வரம்பு இருக்கிறது. ஹெதர் டக்ளஸ் என்ற தத்துவவாதி இந்த வரம்பைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்: எவ்வளவு சான்று போதும் என்று முடிவு செய்ய விழுமியம் உதவலாம், சான்றின் இடத்தில் அது உட்காரக் கூடாது. எந்த இழப்பை மரணம் என்பது, எத்தனை மணி காத்திருப்பது, எந்தத் தவறுக்கு அதிகம் அஞ்சுவது, இவற்றை நாம் சேர்ந்து முடிவு செய்கிறோம். அந்தக் கண்பாவை சுருங்கியதா என்பதை, மகன் பிழைக்கவேண்டும் என்ற தாயின் ஆசையோ, பக்கத்து வார்டில் கல்லீரலுக்குக் காத்திருப்பவரின் நிலைமையோ தீர்மானிக்கக் கூடாது. நம் சட்டம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. நான்கு மருத்துவர்கள் சேர்ந்து சான்றளிக்க வேண்டும்; உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்த எவரும் அதில் இருக்கக்கூடாது. விழுமியத்தை வெளியே நிறுத்தவேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடே ஒரு விழுமியத்தால் வந்தது என்பது வேறு விஷயம்.

சான்று திருப்பி அடிக்கவும் செய்கிறது. அது இல்லையென்றால் உண்மையிலேயே எல்லாம் அபிப்ராயம்தான். 1981-ல் அமெரிக்காவில் மூளைச்சாவு ஏன் மரணம் என்பதற்குச் சொன்ன காரணம், மூளை போனால் உடம்பின் ஒருங்கிணைப்பு போய்விடும், வென்டிலேட்டர் இருந்தாலும் சில நாளில் இதயமும் நிற்கும் என்பது. ஆலன் ஷூமன் என்ற நரம்பியல் மருத்துவர் தொடக்கத்தில் இதை ஆதரித்தவர். 1998-ல் அவரே, மூளைச்சாவுக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குமேல் உடல் இயங்கிய சுமார் 175 பேரைத் திரட்டிக் காட்டினார். ஒருவர் 14 ஆண்டுகளைத் தாண்டியிருந்தார். காயம் ஆறுகிறது, நோயை எதிர்க்கிறது, கர்ப்பிணிகள் வாரக்கணக்கில் கருவைச் சுமந்து குழந்தை பெற்றதுண்டு. ஒருங்கிணைப்பு இல்லாத உடம்பா இது? இன்னொன்று, எல்லா செயல்பாடும் நின்றிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், உப்பு-நீர் சமநிலையைக் காக்கும் ஹைபோதலாமஸ் பலரிடம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வழக்கமான பரிசோதனை அதைப் பார்ப்பதே இல்லை.

2008-ல் அமெரிக்க அதிபரின் உயிரியல் அறக்குழு இதை ஒப்புக்கொண்டது. பழைய காரணம் நிற்காது என்றது. ஆனால் முடிவைக் கைவிடவில்லை. உலகத்தோடு கொடுத்து வாங்கும் உள்ளுந்துதல், முக்கியமாக மூச்சுக்கான உந்துதல், போய்விட்டால் அந்த உயிரி இறந்ததே என்று வேறொரு காரணத்தைப் பெரும்பான்மை முன்வைத்தது. ஒரு முடிவுக்குச் சொன்ன காரணம் உடைந்த பிறகும் முடிவு அசையாமல் நின்றால், அதைத் தாங்குவது வேறேதோ என்று அர்த்தம். இங்கே தாங்குவது உயிரியல் மட்டும் இல்லை என்பது என் துணிபு. இந்த மனிதர் நமக்கு இனித் திரும்பமாட்டார், இந்த உடம்பை இப்படி வைத்திருப்பது அவருக்கு மரியாதை இல்லை, இதனால் நான்கைந்து பேர் பிழைப்பார்கள் என்ற மதிப்பீடுகள். அவை நல்ல மதிப்பீடுகள் என்றே நினைக்கிறேன். நான் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன், என் மூளைத்தண்டு போனபின் என்னை இறந்தவன் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை நரம்பியல் கண்டுபிடித்துச் சொன்னது என்று யாராவது என்னிடம் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தமிழ்நாட்டில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. 1994-ல் சட்டம் வந்தும் இறந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் இங்கே மெதுவாகத்தான் நகர்ந்தது. 2008-ல் மூளைச்சாவைச் சான்றளிப்பது பற்றி அடுத்தடுத்து அரசாணைகள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவடைந்த ஒரு பையனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோரே தானம் தந்தார்கள். போலீஸ் வண்டி அவன் இதயத்தைச் சென்னைப் போக்குவரத்தைப் பிளந்துகொண்டு இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதை மாநிலமே பார்த்தது. மூளைச்சாவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அதன்பின் தானங்கள் கூடின. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். மூளைத்தண்டின் உடற்கூறியல் 2008-க்கு முன்னும் பின்னும் அதேதான். மாறியது, அந்த நிலையில் ஒருவரை வழியனுப்புவது எப்படிப்பட்ட செயல் என்று ஜனங்கள் நினைத்த விதம்.

ஆனால் ஒரு ஓட்டை அடைபடவில்லை. உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டுச் சாவாலோ இதயமும் மூச்சும் நின்றதாலோ உயிரின் எல்லா அடையாளமும் நிரந்தரமாக மறைந்தவரை இறந்தவர் என்கிறது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் உயிரின் எல்லா அடையாளமும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்கிறது, மூளை என்ற பேச்சே அதில் இல்லை. ஆகவே தானத்துக்குச் சம்மதித்த குடும்பத்தின் ஆள் இறந்தவர், எல்லாம் தெளிவு. "வேண்டாம் டாக்டர், உடம்பைக் கூறுபோட வேண்டாம்" என்று சொல்லிவிட்ட குடும்பத்தின் ஆள்? அதே நான்கு மருத்துவர்கள் பார்த்தாலும், வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவமனைகள் தயங்குகின்றன. ஜப்பான் 1997-ல் தெரிந்தே எழுதிய சமரசத்தில், நாம் தெரியாமலே போய் நிற்கிறோம். இதயம் தானாக நிற்கும்வரை பில் ஏறிக்கொண்டிருக்கும். தனியார் ஐ.சி.யூ.வில் ஒரு நாள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கேரளம் 2020-ல், தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவை எப்படிச் சான்றளிப்பது என்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. நாடு முழுவதற்கும் அப்படி ஒன்று சட்டமாக வேண்டும்.

பயோஎதிக்ஸ் எதற்கு என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இந்த ஓட்டைதான். இதை அடைக்க உட்காருகிறவர்கள் சிலவற்றை முடிவு செய்தே ஆகவேண்டும். நியூஜெர்சி மாதிரி மத விலக்கு உண்டா? உண்டென்றால் அந்தப் படுக்கைக்கு யார் பணம் கட்டுவது? குடும்பம் ஊரிலிருந்து வந்துசேர எத்தனை மணி நேரம் கொடுப்பது? தாலுகா மருத்துவமனையில் நான்கு பேர் குழு கூடவே முடியாதென்றால் என்ன செய்வது? எந்த நரம்பியல் பாடப்புத்தகத்திலும் இதற்கெல்லாம் பதில் இருக்காது. ஆப்னியா சோதனையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று அறியாதவர்களிடம் விட்டாலும் வேலை கெட்டுவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைப்பதற்குத்தான் அந்தத் துறை.